முன்பின் தெரியாதவருக்கு என்ன எடுத்துக் கொடுப்பது?

ஆடித்தபசு சமயத்தில் சங்கரன்கோவில் ஜவுளிக்கடைகளுக்குள் நுழைந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். சுற்றுப்பட்டு கிராமங்களில் இருந்து வருகிற கூட்டத்தில் பல பேர் அந்தக் கடைக்கு முதல் தடவையாக வருகிறவர்கள். சேலை எடுத்துப் போடுகிற விற்பனையாளருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. ஆனால் மனுஷன் கலங்க மாட்டார். "வாங்கக்கா, யாருக்கு எடுக்கீய, என்ன விசேஷம்?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் முழுசாக வருவதற்குள் மூன்று சேலை விரிந்து விழும். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நிறம், சம்பந்தமே இல்லாத விலை. அந்த அக்காவின் கை எந்தச் சேலை மேல் போகிறது, எதன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறது என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். அடுத்து விழுகிற மூன்று சேலையும் ஏறக்குறைய சரியாக இருக்கும்!

இந்த வேலையைக் கணினியைச் செய்ய வைக்கத்தான் கடந்த நாற்பது, ஐம்பது வருடங்களாக உலகத்தின் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கோல்டு ஸ்டார்ட்' பிரச்சினை. பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துவிட்டுப் பத்து உதை உதைத்தால்தான் வண்டி கிளம்பும். கொஞ்சம் சூடாகிவிட்டால் அப்புறம் ஒரே உதை. ஆன்லைன் கடைகளும் படம் காட்டுகிற தளங்களும் அப்படித்தான். உங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிட்டால் "இதையும் பாருங்கள்" என்று பிரமாதமாகப் பரிந்துரைக்கும். ஒன்றுமே தெரியாதபோது திருதிருவென்று விழிக்கும்.

இதில் மூன்று வகை உண்டு. ஆள் புதுசு, அவருடைய ரசனை தெரியாது. பொருள் புதுசு, அதை இதுவரை யாரும் தொட்டதில்லை. மூன்றாவது, கடையே புதுசு. ஆளும் இல்லை, விற்பனைக் கணக்கும் இல்லை. நம் ஊர் கடைக்காரர்கள் இந்த இரண்டாவது, மூன்றாவது வகைக்கெல்லாம் ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள்: இன்னும் போணி ஆகவில்லை.

கணினி விஞ்ஞானிகள் எழுதுகிற வரலாற்றில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் 1990களில் அமெரிக்காவில் தொடங்கும். ஆனால் அதற்கு 70 வருடம் முன்னாலேயே சென்னையில் ஒரு கணக்கு வாத்தியார் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு, பதிலும் கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன்.

ரங்கநாதன் 1892ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். 1923ல் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு ஒரு நூலகர் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. சுமார் 900 விண்ணப்பங்கள் வந்தன. ஆனால் நூலகத் துறையில் படித்தவர் என்று சொல்ல அதில் ஒருவர்கூட இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது? தேர்வுக்குழுவுக்கு வந்ததே ஒரு கோல்டு ஸ்டார்ட் பிரச்சினைதான். நூலக அனுபவத்தைப் பார்க்க வழியில்லாததால் ஆராய்ச்சி அனுபவம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ரங்கநாதனிடம் கணிதத்தில் சில ஆய்வுக் கட்டுரைகள் இருந்தன. நூலகம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரைதான் என்பார்கள். வேலை கிடைத்துவிட்டது.

1924 ஜனவரியில் சேர்ந்தவருக்குச் சில நாட்களிலேயே அலுத்துவிட்டது. பேசுவதற்கு மாணவர்கள் இல்லை, நூலகத்துக்கு வருகிறவர்களும் சொற்பம். பழைய வேலையே தேவலாம் என்று கல்லூரிக்குத் திரும்பக் கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சமாதானம் ஆனது. அந்த வருடம் செப்டம்பரில் கப்பல் ஏறினார். (அன்றைக்கு அவர் இராஜினாமாவை ஏற்றுக்கொண்டிருந்தால் இன்றைக்கு இந்தியாவில் நூலகவியல் என்ற படிப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கலாம்.)

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்துக்கொண்டே அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது. முதலாவது, அங்கே பொது நூலகத்துக்குச் சாதாரணத் தொழிலாளியும் வந்து போகிறார். இரண்டாவது ஒரு பொம்மை. செல்ஃபிரிட்ஜஸ் கடையில் 'மெக்கானோ' என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில பட்டைகள், சில திருகுகள், சில சக்கரங்கள்தான். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் கிரேனும் வரும், பாலமும் வரும். புத்தகங்களுக்கும் இதையே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனை வளர்ந்து 1933ல் 'கோலன் வகைப்பாடு' என்று புத்தகமாக வந்தது.

இது ஏதோ எண் போடுகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. புதிதாக ஒரு புத்தகம் வருகிறது. அதை ஒருவரும் படித்ததில்லை, எழுதியவரும் பிரபலம் இல்லை. அதை யாருக்குக் கொடுப்பது? ரங்கநாதன் அந்தப் புத்தகத்தையே பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து பக்கத்தில் இருந்து பார்த்து எண் கொடுத்தால் அது தானாகவே தன் சொந்தக்காரர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். நெல் சாகுபடி பற்றிய பழைய புத்தகத்தைத் தேடிப் போகிற கை, பக்கத்தில் இருக்கிற புதுப் புத்தகத்தையும் தொடும். யாருடைய சிபாரிசும் இல்லாமல் முதல் போணி ஆகிவிடும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வாசகர் அலமாரி வரைக்கும் போக முடிய வேண்டும். அந்தக் காலத்தில் பல நூலகங்களில் புத்தகங்கள் பூட்டின பீரோவில் இருக்கும், சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆள் எடுத்து வருவார். பெயர் தெரிந்த புத்தகத்தை மட்டும்தானே சீட்டில் எழுத முடியும்? ரங்கநாதன் சென்னையில் அலமாரிகளைத் திறந்துவிட்டார்.

1931ல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட அவருடைய 'நூலகவியலின் ஐந்து விதிகள்' இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. முதல் விதி, புத்தகம் பயன்படுத்தத்தான். இதை இத்தனை சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தது கிறிஸ்துவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த எட்வர்ட் ராஸ் என்று ரங்கநாதனே நன்றியோடு எழுதியிருக்கிறார். இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன என்று தோன்றும். அப்படி இல்லை. இரண்டாவது விதி வாசகர் பக்கம் இருந்து பார்க்கிறது, மூன்றாவது புத்தகத்தின் பக்கம் இருந்து பார்க்கிறது. புது ஆள், புதுப் பொருள் என்று கணினிக்காரர்கள் 2000களில் பிரித்துக்கொண்ட அதே இரண்டு கோடுகள்! நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. ஐந்தாவது, நூலகம் வளர்கிற உயிர்.

புது ஆளை என்ன செய்வது என்பதற்கும் அவர் வழி வைத்திருந்தார். நூலகர் வாசகருக்குச் செய்கிற உதவியைப் பல வகையாகப் பிரித்தபோது முதலிடத்தில் வைத்தது 'புதியவருக்குத் தொடங்கி வைத்தல்'. முதல் தடவை உள்ளே வருகிறவர் மிரண்டு போயிருப்பார். தனக்கு என்ன வேண்டும் என்பதே அவருக்குத் தெளிவாக இருக்காது. அவரைத் தனியாக விடாமல் ஒருவர் கூடப் போக வேண்டும், பேச வேண்டும், பேச்சில் இருந்து அவர் தேவை என்ன என்று பிடிக்க வேண்டும். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த பையனுக்கும் பெண்ணுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கிளை நூலகத்தின் வாசலில் தயங்கி நின்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூன்றாவது வகையான 'கடையே புதுசு' என்பதற்கு உதாரணம் மன்னார்குடி. அதே 1931ம் வருடம், அக்டோபர் 21ம் தேதி, எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில் மேலவாசல் கிராமத்தில் ஒரு மாட்டு வண்டி நூலகம் தொடங்கியது. ரங்கநாதனும் அதற்குத் துணை நின்றார். வாசகர்கள் வரட்டும் என்று காத்திருந்தால் எந்தக் காலத்திலும் வாசகர் யார் என்று தெரியாது. ஆகவே வண்டி கட்டிக்கொண்டு புத்தகமே கிளம்பிப் போனது. பின்னால் 1948ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்து, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலித்து ஊருக்கு ஊர் கிளை நூலகம் திறந்ததில் ரங்கநாதனின் பங்கு பெரியது.

இன்னொரு தகவல். ரங்கநாதன் 1967ல் கணித மேதை ராமானுஜன் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ராமானுஜன் கதையைவிடச் சிறந்த கோல்டு ஸ்டார்ட் கதை கிடைக்காது. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஒரு குமாஸ்தா, வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம், பட்டமும் இல்லை, கேம்பிரிட்ஜில் இருக்கிற ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். அதற்கு முன் வேறு ஆங்கிலேயப் பேராசிரியர்களுக்கு எழுதிப் பலன் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அனுப்பியவர் யார், எங்கே படித்தார், யார் சிபாரிசு என்று பார்த்திருந்தால் அந்தக் கடிதத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. ஹார்டி தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து சூத்திரங்களையே பார்த்தார். ஆளின் வரலாறு இல்லாதபோது சரக்கைப் பார்த்து முடிவு செய்வது என்பது இதுதான். ஆனால் அப்படிப் பார்க்க ஒரு ஹார்டி வேண்டுமே!

இனி கணினிப் பக்கம் வருவோம். 1979ல் எலைன் ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 'கிரண்டி' என்ற மென்பொருள் பற்றி எழுதினார். அதன் வேலை நாவல் சிபாரிசு செய்வது. ஆம், மறுபடியும் நூலகர் வேலைதான். கிரண்டி புதிதாக வந்தவரிடம் "உங்களைப் பற்றிச் சில வார்த்தைகளில் சொல்லுங்கள்" என்று கேட்கும். அந்த வார்த்தைகளை வைத்து இவர் இன்ன மாதிரி ஆள் என்று முன்பே எழுதி வைத்த அச்சுகளில் பொருத்திப் பார்த்து நாவல் சொல்லும். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

இது புத்திசாலித்தனமான வழிதான், ஆனால் ஆபத்தும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜவுளிக்கடையில் சிலர் வாடிக்கையாளரின் செருப்பைப் பார்த்தே எந்த அலமாரியைத் திறப்பது என்று முடிவு செய்துவிடுவார்கள். ரப்பர் செருப்பு போட்டவர் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்திருக்கலாம். அவருக்கு முதலில் மலிவுச் சேலையை விரித்துப் போட்டால் அவர் எழுந்து போய்விடுவார், அல்லது கூச்சப்பட்டு அதிலேயே ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். இரண்டாவது நடந்தால் கடைக்காரர் தன் கணிப்பு சரிதான் என்று வேறு நினைத்துக்கொள்வார். அச்சில் வார்க்கிற எல்லாக் கணினிக்கும் இதே வியாதி உண்டு. வயது, பாலினம், பின்கோடு என்று எதை வைத்து முதல் ஊகம் செய்தாலும் அந்த ஊகம் அந்த ஆளையே வளைக்கிறது.

1992ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 'டேபெஸ்ட்ரி' என்ற அமைப்பு வந்தது. 1994ல் 'குரூப்லென்ஸ்' வந்தது. இவை வேறு பாதை. ஆளைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், உன்னைப் போலவே ரசிக்கிற மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்று பார்த்தால் போதும். ஊர்ப் பேச்சில் சொன்னால், சித்தப்பாவுக்குப் பிடித்த படம் எல்லாம் உனக்கும் பிடிக்கிறது என்றால் சித்தப்பா சொன்ன படத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போ என்பதுதான். அமேசானும் இந்த வழியில் நடந்து, ஆளுக்கு ஆள் ஒப்பிடாமல் பொருளுக்குப் பொருள் ஒப்பிடும் தன் முறையை 2003ல் கட்டுரையாக வெளியிட்டது.

எல்லாம் சரி, புதிதாக வந்தவருக்கு யார் சித்தப்பா? இந்தக் கேள்விக்கு முதலிலேயே நல்ல பதில் சொன்னது எம்.ஐ.டி.யில் உபேந்திர ஷர்தானந்தும் பாட்டி மேஸும் செய்த 'ரிங்கோ'. மின்னஞ்சல் மூலம் பாடகர்களைச் சிபாரிசு செய்கிற இந்த அமைப்பு பற்றிய கட்டுரை 1995ல் வந்தது. புதிதாகச் சேர்கிறவருக்கு 125 பாடகர்கள், குழுக்கள் கொண்ட ஒரு பட்டியல் வரும், மதிப்பெண் போட வேண்டும். அந்தப் பட்டியலை அவர்கள் தயாரித்த விதம்தான் விஷயம். ஒரு பகுதி எல்லோருக்கும் தெரிந்த பிரபலங்கள். மீதிப் பகுதி குருட்டாம்போக்கில் எடுத்த பெயர்கள். பிரபலங்களை வைத்து ஆளின் ரசனையைப் பிடித்துவிடலாம். குருட்டாம்போக்குப் பெயர்களால் யாருக்கும் தெரியாத பாடகருக்கும் ஒரு மதிப்பெண் விழ வாய்ப்பு கிடைக்கும். ரங்கநாதனின் இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் ஒரே பட்டியலில்! அவர்கள் ரங்கநாதனைப் படித்திருக்க வேண்டியதில்லை. கேள்வி ஒன்றுதான் என்பதால் பதிலும் ஒத்துப்போகிறது.

'மூவிலென்ஸ்' என்ற மினசோட்டா பல்கலைக்கழகத்தின் தளத்தில் புதிதாகச் சேர்கிறவர் 15 படத்துக்காவது மதிப்பெண் போட வேண்டியிருந்தது. எந்தப் படங்களைக் காட்டிக் கேட்பது என்று அல் மாமுனுர் ரஷீதும் கூட்டாளிகளும் 2002ல் ஆராய்ந்தார்கள். சூப்பர்ஹிட் படங்களைக் காட்டினால் எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஆனால் எல்லோருக்கும் பிடித்திருக்கும், அதில் இருந்து ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. "பாட்ஷா பிடிக்குமா?" என்று கேட்டு ஒருவரின் ரசனையைக் கண்டுபிடித்துவிட முடியுமா? சர்ச்சையான, ஆளுக்கு ஒன்று சொல்கிற படங்களைக் காட்டினால் விஷயம் தெரியும், ஆனால் அவற்றைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் வழி. அதே 2002ல் ஷைன், போபெஸ்கல், அங்கர், பென்னாக் என்ற நால்வர் தலைப்பிலேயே 'கோல்டு ஸ்டார்ட்' என்று போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். வெளியாகாத படத்துக்கு மதிப்பெண் இருக்காது, ஆனால் யார் நடித்தது என்பது தெரியுமே, அதை வைத்துத் தொடங்குவோம் என்றார்கள். போஸ்டரைப் பார்த்து டிக்கெட் எடுக்கிற நமக்கு இது புதிதில்லை.

இப்படி ஆளின் பழக்கத்தையும் பொருளின் தன்மையையும் பாதிக்குப் பாதி சேர்ப்பதைக் கலப்பு முறை என்கிறார்கள். சிவனா விஷ்ணுவா என்று சங்கனும் பதுமனும் சண்டை போட்ட ஊரில் ஒரு பாதி அது, ஒரு பாதி இது என்ற தீர்வை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை :-)

2006 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்த பத்து லட்சம் டாலர் போட்டி பலருக்கு நினைவிருக்கும். தங்கள் கணிப்பைப் பத்து சதவீதம் மேம்படுத்துகிறவருக்குப் பரிசு. 4,80,189 பேர், 17,770 படங்கள், பத்து கோடி மதிப்பெண்கள். 2009ல் ஒரு குழு பரிசை வென்றது. ஆனால் போட்டி முழுக்க ஏற்கெனவே மதிப்பெண் போட்டவர்களைப் பற்றியது. நேற்றுச் சேர்ந்தவருக்கு அதில் இடமில்லை.

போட்டி தொடங்கிய அதே 2006ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு ஆய்வு இதைவிட முக்கியமானது. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். 14,000க்கும் மேற்பட்டோர் வந்து கேட்டார்கள். அவர்களில் சிலரை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு உலகத்திலும் இதுவரை எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கைக் காட்டினார்கள். எட்டு உலகத்திலும் ஆரம்பம் ஒன்றுதான், எல்லாம் பூஜ்யம். ஆனால் ஒரு உலகத்தில் மேலே போன பாட்டு இன்னொரு உலகத்தில் கீழே கிடந்தது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அரிது, மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் இருந்த எல்லாவற்றுக்கும் தலைவிதியை எழுதியது முதலில் வந்த சிலரின் கைதான். இதைப் படித்தபின் "புதியவருக்கு டாப் டென் காட்டிவிடு" என்கிற சோம்பேறித் தீர்வு எவ்வளவு அநியாயமானது என்று தெரியும். டாப் டென்னில் இருப்பது டாப் டென்னில் இருப்பதாலேயே இருக்கிறது.

வணிகவியல் மாணவர்களுக்கு இதன் கொடூரமான முகம் வேறொரு இடத்தில் பழக்கம். அதுதான் சிபில். 2000ல் தொடங்கிய இந்த நிறுவனம் கடன் வாங்கியவர்களுக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகிறது. வாழ்க்கையில் ஒரு பைசா கடன் வாங்காத விசைத்தறிக்காரர் முதன்முதலாக வங்கிக்குப் போனால் அவருக்கு வரலாறே இருக்காது. நாணயமான மனிதர் என்பது தெருவுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. கடன் வாங்கினால்தான் மதிப்பெண், மதிப்பெண் இருந்தால்தான் கடன். பாட்டு சிபாரிசு தப்பினால் மூன்று நிமிஷம்தான் நஷ்டம்.

கணினிக்காரர்கள் கடைசியாக வந்து சேர்ந்த வழி, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நஷ்டப்படலாம் என்பது. இதன் வேர் 1933ல் இருக்கிறது, கோலன் வகைப்பாடு வந்த அதே வருடம். வில்லியம் தாம்ப்சன் என்பவர், இரண்டு சிகிச்சைகளில் எது நல்லது என்று தெரியாதபோது நோயாளிகளை எப்படிப் பிரிப்பது என்று கேட்டார். நல்லதாகத் தெரிவதை அதிகம் கொடு, ஆனால் மற்றதை அடியோடு நிறுத்திவிடாதே, உன் சந்தேகம் எவ்வளவோ அந்த அளவுக்கு அதற்கும் வாய்ப்பு கொடு என்றார். 2010ல் யாகூ ஆய்வாளர்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முறையை, முகப்புப் பக்கச் செய்திகளில் சோதித்துப் பார்த்தார்கள். செய்தி என்பது எப்போதுமே புதுச் சரக்கு, போணி ஆவதற்குள் பழசாகிவிடும். வாசகரையும் செய்தியையும் பற்றித் தெரிந்த கொஞ்சத்தையும் சேர்த்துக்கொண்டு முயன்று பார்க்கிற அந்த முறை, அப்படிச் சேர்க்காத முறையைவிட 12.5 சதவீதம் அதிக கிளிக்குகளைக் கொண்டுவந்தது.

ஜவுளிக்கடைக்காரரின் மூன்றாவது சேலை இதுதான். முதல் இரண்டு சேலையை ஆளைப் பார்த்துக் கணித்துப் போடுகிறார். மூன்றாவது, வந்து ஆறு மாதமாக ஒருவரும் தொடாத நிறம். அதை விரித்துப் போட்டு மடிப்பதில் அவருக்குக் கை வலிதான் மிச்சம். சில சமயம் அந்த அக்கா, பக்கத்தில் இருக்கிற மகளிடம் "ஏளா, இது நல்லாருக்குல்ல?" என்பார்.